வெளியேறிய வாசல்

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்கத் தெரிந்தவர்கள் முந்தானையில் மயங்குவதில்லை. உடலும் கரையும் சேரும் கோர்வையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். காவிரிப் படுகையின் கிரிட்டேசியஸ் களிப்பாறையை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, எஞ்சும் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் உயிரிகளின் கூடுகளை இனம் பிரிப்பவர்களின் கண்ணும் அப்படித்தான். பெரும்பாலான கூடுகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. முள்ளழகு கண்ணைப் பறிக்கும். ஆனால் முதலில் தேடுவது, உள்ளிருந்த உயிர் வெளியேறிய வாசலை. எந்தத் தகடு கழன்றது, உச்சியிலா முதுகிலா? பேரினத்தை முடிவு செய்வதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. ஊர்பேர் தெரியாமல் கிடந்த முள்ளுருண்டைகள் பலவற்றை இத்தகைய கூடுகளென்று 1960களில் புதைபடிவ ஆய்வாளர் வில்லியம் எவிட் அடையாளம் காட்டியதும் இந்த வாசலை வைத்துத்தான்.

புதிய இனத்துக்கு எழுதும் வர்ணனையில் உவமையே இருக்காது: முள்ளின் நீளம் மைக்ரானில், நுனி திறந்ததா மூடியதா, மூலமாதிரி கண்ணாடிச் சில்லில் எந்த இடத்தில். அந்தக் கறார்தான் எனக்குப் பிடிக்கும்.