கெஞ்சலும் எச்சரிக்கையும்

அலுவலகத்தில் நகல் எடுத்துப் பழகிய நமக்கு, ஒரு சொல் மாறினாலும் நகல் பிழையே. பழம்பாட்டொன்றைப் பிறரொருவர் மீண்டும் பாடும்போது இவ்விதி பொருந்துமா? அமெரிக்கப் பாடகி பியான்சே, 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட 'கௌபாய் கார்ட்டர்' இசைத்தொகுப்பில் 'ஜோலீன்' என்னும் பாட்டைப் புதிதாகப் பாடியிருப்பது இவ்வினாவை எழுப்புகின்றது.

மூலப்பாட்டை இயற்றிப் பாடியவர் டென்னசி மாநிலத்து மலைப்புறத்தில் பிறந்த டாலி பார்ட்டன், 1973-இல் வெளிவந்தது. 'கன்ட்ரி' எனப்படும் அந்நாட்டு இசைமரபில் அழியா இடம் பெற்றது. தன் கணவனைக் கவர்ந்து சென்றுவிடாதே என்று பேரழகி ஒருத்தியிடம் மனைவி இரந்து நிற்பதே பொருள். மருதத்திணையில் தலைவியின் சினம் பெரும்பாலும் தலைவன்மேற் செல்லக் கண்டவர் நாம். இங்கோ கணவனை நோக்கி ஒரு சொல்லும் இல்லை. எதிரியின் கூந்தலையும் கண்களையும் குரலையும் மனைவியே புகழ்கிறாள். தன் எளிமையைத் தானே ஒப்புக்கொள்ளும் அந்நேர்மைதான் பாட்டின் உயிர். அப்பெயரையே அடுக்கி விளிக்கும் பல்லவியும் ஓயாது ஓடும் கிதார் ஒலியும் அவள் பதற்றத்தை நம் நெஞ்சிலும் ஏற்றிவிடுகின்றன.

பியான்சே மெட்டைக் காத்து, சொற்களை மாற்றினார். கெஞ்சல் எச்சரிக்கையாயிற்று. நெடுங்காலம் உடன்வாழ்ந்து மக்களை வளர்த்தவள் தன் உரிமையை நிலைநாட்டுகிறாள். இதற்குக் காரணமும் உண்டு. கறுப்பினத்தவரான அவர் 2016-இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழாவில் பாடியபோது, அம்மேடை அவருக்குரியதன்று என எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அவ்விசைக்கு அடையாளமான பான்ஜோக் கருவியோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழி வந்தது. முன்னோர் எழுப்பிய வீட்டின் வாயிலில் அயலாராய் நிறுத்தப்பட்டவர் கெஞ்ச மறுப்பதில் வியப்பென்ன? டாலி பார்ட்டனும் இப்பாட்டிற்குத் தம் குரலாலேயே முன்னுரை தந்திருக்கிறார்.

ஆயினும், ஆதாயத்தோடு இழப்பும் உண்டு. பழைய பாட்டில் ஜோலீன் என்ன செய்வாள் என்பதை இறுதிவரை அறியோம். அவ்வச்சமே நம்மைப் பிணிக்கிறது. புதிய பாட்டில் அவள் தொடக்கத்திலேயே தோற்றுவிடுகிறாள். மானம் வளர்ந்த அளவிற்கு உருக்கம் தேய்ந்தது.

எனினும் இதனைப் பிழை என்னோம். பிறந்த மண்ணை விட்டு வந்த நம் இல்லங்களில், பாட்டி பாடிய தாலாட்டைப் பேத்தி சொல்மாற்றிப் பாடினால் திருத்தவே விரைகிறோம். அவள் நகலெடுக்கவில்லை; பாட்டிக்கு மறுமொழி எழுதுகிறாள். பியான்சே செய்ததும் அதுவே. ஆனால் மறுமொழி விளங்க வேண்டுமானால், முதற்கடிதமும் கோப்பில் இருத்தல் வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதே முறை.