சட்டத்தைத் தாண்டும் உருவங்கள்

தமிழில் சட்டம் என்ற சொல் படத்தைச் சுற்றி அடிக்கப்படும் மரத்தையும் குறிக்கும். மக்களைச் சுற்றி இடப்படும் விதியையும் குறிக்கும். இன்னது உள்ளே, இன்னது வெளியே என்று வகுப்பதே இரண்டுக்கும் தொழில். ஆகவே, உருவமொன்று தன் சட்டத்தைத் தாண்டி வெளியே வருவதாகக் காட்டும் நிழற்படங்கள் நம் கண்ணைக் கவர்வதில் வியப்பில்லை. பாய்ந்துவரும் குதிரையின் முன்னங்கால்கள் வெள்ளை விளிம்பைக் கடந்து வெறுந்தாளின்மேல் நிற்கின்றன. பந்தை உதைக்கும் வீரனின் பாதம் படத்துக்கு வெளியே நீள்கின்றது. திருமண அல்பங்களிலும் விளம்பரங்களிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் இத்தகைய படங்கள் இன்று மலிந்துவிட்டன. இவற்றை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடுதல் விமர்சகனுக்கு எளிது. ஆயினும், பலர் விரும்பிச் செய்யும் ஒன்றின் பின்னால் ஓர் ஆசை இருந்தே தீரும். எல்லையைக் கடக்க வேண்டும் என்ற அந்த ஆசையை இக்கலை எவ்வாறு நிறைவு செய்கின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலில் செய்முறையை நோக்குவோம். கலையின் கருத்தை அதன் தொழிலிலிருந்து பிரித்துப் பார்ப்பவர் பாதியையே காண்பர். முழுப் படமொன்றை எடுத்து, அதன்மேல் புதிய அடுக்கொன்றில் அப்படத்தைவிடச் சிறிய சட்டமொன்று வரையப்படுகின்றது. சட்டத்துக்கு வெளியே எஞ்சும் பகுதி ஒரு மறைப்பினால் மூடப்படுகின்றது. குதிரையின் தலைக்கும் கால்களுக்கும் மட்டும் அம்மறைப்பிலிருந்து விலக்களிக்கப்படுகின்றது. ஈற்றில் கால்களின்கீழ் ஒரு நிழல் தீட்டப்படுகின்றது. வேலை முடிந்தது. போட்டோஷொப் மென்பொருளில் 1994 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலேயே அடுக்குகள் சேர்க்கப்பட்டன. அதற்கு முன்னர் கத்தரிக்கோலும் பசையும் தூரிகையும் செய்த வேலை இது. இன்றோ கைத்தொலைபேசியில் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் உருவம் பின்னணியிலிருந்து தானே பிரிந்துவிடுகின்றது.

இச்செய்முறையிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்படுகின்றன. முதலாவது, உருவம் ஓர் அங்குலமும் நகரவில்லை. சட்டமே உள்ளே கொண்டுவந்து வைக்கப்பட்டிருக்கின்றது. படத்தின் மெய்யான எல்லை, தாளின் விளிம்பாகவோ திரையின் விளிம்பாகவோ, இருந்த இடத்திலேயே இருக்கின்றது. பொய்ச் சட்டம் மீறப்படுவதைக் கண்டு மகிழும் நாம் மெய்ச் சட்டத்தைக் காண மறந்துவிடுகின்றோம். 2021 ஆம் ஆண்டில் டோக்கியோ மாநகரின் ஷின்ஜுகு நிலையத்துக்கு எதிரே, கட்டிடமொன்றின் உச்சியில் வளைந்த திரையொன்று அமைக்கப்பட்டது. அதில் ஒரு பெரும் பூனை தெருவை எட்டிப்பார்த்தது. உரிய இடத்தில் நின்று நோக்குபவருக்கு அது வெளியே வந்துவிட்டதாகவே தோன்றியது. ஆனால் அத்திரை ஒரு விளம்பரத் திரை. பூனையைப் பார்க்க நிமிர்ந்த தலைகளே அங்கு விற்பனைக்குரிய சரக்கு.

இரண்டாவது உண்மை இதனினும் முக்கியமானது. உருவம் வெளியே வந்ததாகத் தோன்ற வேண்டுமாயின், வெளியே அதனைச் சூழ்ந்திருந்த அனைத்தும் மறைக்கப்பட வேண்டும். குதிரை மிதித்த மண் மறைகின்றது. கடிவாளத்தைப் பிடித்து நின்றவன் மறைகின்றான். வீரனுக்குப் பந்தைத் தந்த தோழன் மறைகின்றான். ஒருவனின் விடுதலைக்கு விலையாக அவனுடைய சூழல் முழுவதும் அழிக்கப்படுகின்றது. தனியொருவன் தன் திறமை ஒன்றினாலேயே எல்லையைத் தாண்டிவிடுகின்றான் என்பது வணிக நாகரிகம் நமக்கு ஓயாது சொல்லும் கதை. அக்கதையைச் சொற்களின்றிச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைப்பது அரிது.

அவ்வாறாயின் இவ்வுத்தியே பிற்போக்கானதா? அவ்வாறு தீர்ப்பளிப்பது அவசரமாகும். உத்தி எவருக்கும் தனியுடைமையன்று. இதனைக் கணினிக்கு நெடுங்காலத்துக்கு முன்னரே கையாண்ட கற்றலோனிய ஓவியர் ஒருவரின் படைப்பை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பேரே பொறெல் டெல் காசோ என்பது அவர் பெயர். 1835 இல் பிறந்த அவர் ஒரு தச்சரின் மகன். தாமும் தச்சுத்தொழில் பயின்றவர். அவர் 1874 இல் தீட்டிய ஓவியம் ‘விமரிசனத்திலிருந்து தப்பியோடல்’ என்ற பெயரால் அறியப்படுகின்றது. இன்று அது ஸ்பெயின் வங்கியின் சேகரிப்பில் உள்ளது.

கந்தல் உடுத்த ஏழைச் சிறுவன் ஒருவன் இருளிலிருந்து வெளியே ஏறுகின்றான். சட்டமும் ஓவியத்திலேயே தீட்டப்பட்டிருக்கின்றது. அதன் இரு பக்கங்களையும் அவன் கைகள் இறுகப் பற்றியுள்ளன. வெறுங்கால் ஒன்று கீழ்விளிம்பை மிதித்து நிற்கின்றது. அவன் கண்கள் அகல விரிந்திருக்கின்றன. அவற்றில் வியப்பும் உண்டு, அச்சமும் உண்டு.

இன்றைய குதிரைக்கும் இச்சிறுவனுக்கும் உள்ள வேறுபாடு அக்கைகளில் இருக்கின்றது. குதிரை சட்டத்தைத் தொடுவதேயில்லை. அது காற்றெனக் கடந்துவிடுகின்றது. சிறுவனோ சட்டத்தைப் பற்றுகின்றான், மிதிக்கின்றான், அதன் திண்மையை உணர்கின்றான். வெளியேறுவது உழைப்பு என்பதை மரச்சட்டத்தின் கனத்தைக் கையால் அறிந்த தச்சரின் மகன் நமக்குக் காட்டுகின்றார். தடையின் கனத்தைக் காட்டாமல் தடையைத் தாண்டுவதைக் காட்டும் கலை, தடையே இல்லை என்று நம்மை நம்பவைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. ஜேர்மனியக் கலைஞர் ஜோன் ஹார்ட்பீல்ட், நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றுவதற்கு முந்திய ஆண்டான 1932 இல், பேசிக்கொண்டிருக்கும் ஹிட்லரின் படமொன்றை எடுத்தார். அதன் நெஞ்சுப் பகுதியில் ஊடுகதிர்ப் படத்தைப் பொருத்தினார். முதுகெலும்பிருக்க வேண்டிய இடத்தில் நாணயங்களை அடுக்கினார். பொன்னை விழுங்கித் தகரத்தைக் கக்கும் மாமனிதன் என்ற கருத்துப்பட அதற்குத் தலைப்பிட்டார். அவரும் வெட்டி ஒட்டியவரே. ஆனால் அவருடைய கத்தரிக்கோல் சூழலை அழிக்கவில்லை. நிழற்படக்கருவி காணாது விட்ட சூழலைப் படத்துக்குள் கொண்டுவந்தது. பேசுபவனின் பின்னால் பணம் தந்தவர்கள் நின்றதை எந்த நேர்ப்படமும் காட்டியிராது. பொய்யான படம் மெய்யைச் சொன்னது. அடுத்த ஆண்டே அவர் பேர்லினைவிட்டுத் தப்பியோட வேண்டியதாயிற்று.

நம் பக்கத்துக் கணக்கையும் மறைத்தலாகாது. சட்டத்தைவிட்டு வெளியேறுதல் ஒன்று, வெளியேற்றுதல் பிறிதொன்று. 1920 மே 5 ஆம் திகதி மொஸ்கோவில் போர்முனைக்குச் செல்லும் படையினர் முன் லெனின் உரையாற்றினார். மேடையருகே றொட்ஸ்கியும் கமனேவும் நின்றனர். ஸ்டாலின் காலத்தில் வெளியான அப்படத்தில் அவர்கள் இல்லை. கால்வாயோரம் ஸ்டாலினுடன் நடந்த யெஷோவ், 1940 இல் கொல்லப்பட்டபின் படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் தீட்டப்பட்டது. இப்பொய்களை 1997 இல் வெளியான தம் நூலில் டேவிட் கிங் திரட்டிக் காட்டியுள்ளார். அங்கும் கையாளப்பட்டது இதே மறைப்பே. ஒருவரைத் தனித்து உயர்த்துவதற்காக அருகில் நின்றவர் அழிக்கப்பட்டார். சந்தையின் பொருட்டுச் செய்யப்படும் மறைப்பைக் கண்டிக்கும் நாம், அரசின் பொருட்டும் கட்சியின் பொருட்டும் செய்யப்பட்ட மறைப்பைக் கண்டும் காணாதிருந்தால், நமது விமர்சனத்துக்கு மதிப்பில்லை.

இன்று இவ்வேலையை மாணவர் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள கருவியிலேயே செய்ய முடிகின்றது. அதனைத் தடுப்பது ஆசிரியரின் பணியன்று. செய்யப் பழக்கி, செய்ததைக் கேள்வி கேட்கவும் பழக்குவதே பணி. உருவம் கடந்தது எந்தச் சட்டத்தை, கடவாத பெரிய சட்டம் எங்கே இருக்கின்றது? அதனைக் கடக்கச் செய்வதற்காக மறைக்கப்பட்டவர் யாவர்? கடக்கும் உழைப்பு படத்தில் தெரிகின்றதா? இம்மூன்றையும் கேட்கத் தெரிந்த மாணவன், படத்தோடு நின்றுவிடமாட்டான். ஏழை வீட்டுப் பிள்ளையொருவன் பரீட்சையில் முதலிடம் பெற்ற செய்தியைப் படிக்கும்போதும், அவனுக்குச் சோறிட்டவரையும் பாடம் சொன்னவரையும் தேடுவான். அவனோடு அதே வாங்கில் இருந்து, சட்டத்துக்குள்ளேயே விடப்பட்ட மற்றப் பிள்ளைகள் எங்கே என்றும் கேட்பான்.