பசுமை முறியும் நிலக்கரியும்

பொருளியல் ஆய்வுகளிலே ‘பசுமை நிதியீட்டம்’ என்னும் தொடர் இன்று பெருவழக்குப் பெற்றுள்ளது. இத்துறையில் மூலதனம் பெருகப் பெருகச் சூழலின் நிலைபேறும் உறுதிப்படும் என்பது அதனை முன்வைப்போர் கருத்து. வளர்முக நாடுகளுக்கு இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதைச் சீனாவின் அனுபவங்கொண்டு நோக்கலாம்.

2015ஆம் ஆண்டின் இறுதியிலே சீன மத்திய வங்கி, பசுமை முறிகள் மூலம் நிதியளிக்கத்தக்க திட்டங்களின் பட்டியலொன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அந்நாடு உலகின் பெரும் பசுமை முறிச் சந்தைகளுள் ஒன்றாயிற்று. ஆயின், அப்பட்டியலிலே நிலக்கரியின் ‘தூய பயன்பாடும்’ இடம்பெற்றிருந்தது. தேசிய அபிவிருத்தி, சீர்திருத்த ஆணைக்குழுவின் விதிகளோ, திரட்டிய நிதியிற் பாதிவரை வங்கிக் கடன் தீர்க்கவும் நடைமுறை மூலதனமாகக் கொள்ளவும் இடமளித்தன.

இதனை வெறும் ஏமாற்று எனத் தள்ளிவிடல் பொருந்தாது. பீஜிங் முதலிய நகரங்களைப் புகைமூட்டம் வருத்திய காலம் அது. திருந்திய கொதிகலன் புகைத்துகளைக் குறைக்கும் என்பது மெய்யே. ஆனால் நிலக்கரி எரியுமிடத்துக் காபனீரொட்சைட்டு வெளிவந்தே தீரும். புதிய அனல்மின் நிலையமோ பல பத்தாண்டுகள் இயங்கும். 2021இல் நிலக்கரி பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. நிதி முழுவதும் பசுமைத் திட்டங்களுக்கே செலவாதல் வேண்டும் என 2022இன் நெறிகள் வகுத்தன.

எனவே, 2016 முதல் 2020 வரையான தொகைகளை அப்படியே கூட்டி நிதியீட்டத்தின் பயனை அளப்போர், நிலக்கரியையும் பசுமையாகவே எண்ணிவிடுகின்றனர். ‘பசுமை’ எதுவென வரையறுத்தவர் யாவர், எத்தீங்கை முன்னிறுத்தி வரையறுத்தனர் என்னும் வினாக்களுக்கு விடைகண்ட பின்னரே தொகைகளைக் கூட்டத் தொடங்குதல் தகும்.