தம்புராவை இரைச்சல் என்று நீக்கும் மென்பொருள்

பெங்களூரிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையம் வழியாகக் கர்நாடக சங்கீதம் சொல்லித்தரும் ஆசிரியர்களிடையே அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. இங்கே தம்புரா நன்றாக ஒலிக்கிறது. அந்தப் பக்கம் கேட்பதே இல்லை. கேட்டாலும் இரண்டு மூன்று விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. பலர் இணைய வேகத்தின் மேல் பழி போட்டு, வைஃபை பெட்டியை மாற்றுகிறார்கள், மாதக் கட்டணத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் இணைப்பில் இருப்பதில்லை. மாறாமல் தொடர்ந்து வரும் எந்த ஒலியையும் மின்விசிறிச் சத்தமாகவோ ஏசி இரைச்சலாகவோ எடுத்துக்கொண்டு அழித்துவிடும்படிதான் இணைய அழைப்பு மென்பொருள்கள் எழுதப்பட்டிருக்கின்றன. மாறாமல் ஒலிப்பதே தம்புராவின் வேலை என்பதால் அதுதான் முதலில் பலியாகிறது.

மின்னணுத் தம்புராவுக்கும் இந்த ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1979-இல் அதை உருவாக்கியவர் பெங்களூரின் ராடெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண். புல்லாங்குழல் கலைஞரான பொறியாளர் அவர். அந்தச் சிறு பெட்டி வந்தபின், நான்கு தந்தித் தம்புராவை மீட்ட ஆள் இல்லாத வீடுகளிலும் சுருதி நிலைத்தது. இன்று அதே சுருதி கைப்பேசிச் செயலியில் ஒலிக்கிறது. 2003-இல் வந்த ஸ்கைப், பாட்டு கிளாஸை இந்த ஊரின் மல்லேஸ்வரத்திலிருந்தும் ஜெயநகரிலிருந்தும் கலிஃபோர்னியா வரை நீட்டியது. இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே முந்தைய நாள் மாலை; பள்ளிவிட்டு வந்த பிள்ளை பாட உட்காரும் நேரம். 2020 ஊரடங்கில் உள்ளூர் வகுப்புகளும் ஜூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் போயின. 2025 மே 5-ஆம் தேதி ஸ்கைப் மூடப்பட்டது. ஆனால் அது விட்டுச்சென்ற பழக்கம் அப்படியே இருக்கிறது: அழைப்பை எடு, பாடு, வை. அமைப்புகள் பக்கத்தை யாரும் திறப்பதில்லை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்த மென்பொருள்கள் அலுவலகக் கூட்டத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதற்காக நம் குரலின் மேல் மூன்று வேலைகளைச் செய்கின்றன. முதலாவது இரைச்சல் நீக்கம். அது தம்புராவை மட்டும் விழுங்குவதில்லை. மாணவி மேல் ஷட்ஜத்தில் நின்று நீண்ட கார்வை கொடுத்தால், அதன் வாலையும் சில நேரம் தேய்த்துவிடுகிறது. குருவுக்குக் கேட்பது மூச்சு போதாமல் அறுந்த கார்வை. பிள்ளை திட்டு வாங்குகிறது. இரண்டாவது, ஒலி அளவைத் தானாகச் சரிசெய்வது. மந்தர ஸ்தாயியில் மெலிந்த குரலைத் தூக்கி, தார ஸ்தாயியில் ஓங்கிய குரலை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்துகிறது. எங்கே அடக்கினாள், எங்கே கத்தினாள் என்று கண்டுபிடிக்க ஆசிரியருக்கு வழியில்லை. மூன்றாவது எதிரொலித் தடுப்பு. இருவரும் சேர்ந்து பாடினால் ஒருவர் குரலை அமுக்கிவிடும்.

பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தியது. தந்திக்கடியில் ஜீவா நூல் கட்டிய தம்புராவின் மினுக்கத்தில் ஒரு பங்கு அந்த எல்லைக்கு மேலே இருக்கிறது. இன்று கூகுள் மீட் பயன்படுத்தும் ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறை 2012-இல் தரப்படுத்தப்பட்டது. பேச்சுக்காக ஸ்கைப் உருவாக்கிய சில்க், இசைக்கு ஏற்ற செல்ட் என்ற இரண்டையும் இணைத்தது. மனிதக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதனால் கொண்டுசெல்ல முடியும். ஆக, தொழில்நுட்பத்தில் பஞ்சமில்லை. வாசலிலேயே வடிகட்டிவிடுவதுதான் குறை.

ஜூமில் இதற்கு மாற்று, ஒலி அமைப்புகளுக்குள் இருக்கும் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்'. அதைத் தேர்ந்தால் கூட்டத் திரையின் மேல்மூலையில் ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் இரைச்சல் நீக்கமும் தானியங்கி அளவும் விலகும். 2020-இல் இதனுடன் உயர்தர இசை முறையும் சேர்க்கப்பட்டது. கூகுள் மீட்டில் இரைச்சல் நீக்கத்தை அணைக்கும் விசை ஒலி அமைப்பில் இருக்கிறது. ஐஃபோனில் அழைப்பு நடக்கும்போதே கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்து, மைக் முறையை 'வைடு ஸ்பெக்ட்ரம்' என்று மாற்றலாம். வாட்ஸ்அப்பில் 'அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா' என்ற தேர்வு எப்போதோ இயக்கப்பட்டு மறந்துபோயிருந்தால், குரல் தேய்வது அதனாலும் இருக்கலாம்.

இவற்றின் பயனைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. கார்வை முழுதாகக் கேட்கிறது. தோடியின் காந்தாரம் எவ்வளவு அசைகிறது என்பது தெரிகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வடிகட்டி போனதும் குக்கர் விசில், எதிர்வீட்டுக் கட்டட வேலை, தெருவில் போகும் தண்ணீர் லாரி எல்லாம் கிளாஸுக்குள் வருகின்றன. எதிரொலித் தடுப்பையும் அணைத்தால் இரு பக்கமும் இயர்போன் இல்லாமல் முடியாது, அதுவும் ஒயர் உள்ளது. புளூடூத் இயர்போன் தன் மைக்கையும் சேர்த்து இயக்கும் அழைப்பு முறைக்கு மாறும்போது ஒலித்தரம் சரிகிறது, தாமதமும் கூடுகிறது. விலை உயர்ந்த புளூடூத் கருவியை வாங்கிக்கொடுத்த பெற்றோர் இதைக் கேட்டால் நம்ப மறுப்பார்கள். அதோடு, பாடுபவர் பக்கத்தில்தான் இந்த அமைப்பை மாற்ற வேண்டும். ஆசிரியர் தன் கணினியில் சரிசெய்துகொண்டு, மாணவியின் குரல் ஏன் இன்னும் கெட்டுவருகிறது என்று திகைப்பது இதனால்தான்.

எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது ஜூமின் ஒலிப்பதிவுப் பகுதியில் இருக்கும் ஒரு சிறு தேர்வு: பங்கேற்பவர் ஒவ்வொருவரின் ஒலியையும் தனிக் கோப்பாகக் கணினியில் சேமிப்பது. நாலு பிள்ளைகள் இருக்கும் கிளாஸில் இது பெரிய வரம். யார் நிஷாதத்தில் வழுக்கினார், யார் அடுத்தவர் குரலில் ஒளிந்துகொண்டார் என்று நிதானமாகக் கேட்கலாம். நேர் வகுப்பிலேகூடக் கிடைக்காத காது இது. குருவின் கோப்பை மட்டும் பிரித்துக் கொடுத்தால் பாடாந்தரம் மாசில்லாமல் மாணவியிடம் சேரும்.

ஆனாலும் அச்சம் இருக்கிறது. பதிவு கையில் இருக்கிறது என்ற தைரியத்தில், கேட்டவுடன் மனத்தில் வாங்கும் பழக்கம் தளர்கிறது. குரு மூன்று முறை பாடுவதற்குள் பிடிக்க வேண்டும் என்ற பதற்றம்தான் பல தலைமுறைகளுக்கு நினைவாற்றலைக் கொடுத்தது. மேலும் இவை சிறு பிள்ளைகளின் குரல்கள். எந்தக் கணினியில் எத்தனை ஆண்டு கிடக்கும், யார் கேட்பார்கள் என்பதைப் பெற்றோரிடம் முன்பே பேசாமல் பதிவுப் பொத்தானைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

சுருதியை எப்படியாவது காப்பாற்றிவிடலாம். அவரவர் பக்கத்தில் ஐந்தரைக் கட்டையில் தம்புராவை வைத்துக்கொண்டால், நடுவில் எவ்வளவு தாமதம் இருந்தாலும் சுருதிக்குச் சேதமில்லை. தாளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பெங்களூருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் இடையே சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கேபிள் நேர்க்கோட்டில் கிடந்தாலே 70 மில்லிவிநாடி. சுருக்குவது, விரிப்பது, இடையில் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து ஒரு வழிக்கு 125 என்றே குறைத்து வைப்போம். போய்வர 250. ஓர் அட்சரத்துக்கு ஒரு விநாடி என்ற காலப்பிரமாணத்தில், சதுஸ்ர நடையில் ஒரு மாத்திரை சரியாக 250 மில்லிவிநாடி. அதாவது ஆசிரியர் போடும் தாளத்துக்கு மாணவி பிசகாமல் பாடினாலும், ஆசிரியர் காதில் ஒரு மாத்திரை பிந்தித்தான் விழும். வரிசையை முதல் காலத்தில் பாடினால் கால் ஸ்வரம் தள்ளி. மூன்றாம் காலத்தில் முழு ஸ்வரமும் போய்விடும்.

ஒரே ஊருக்குள் என்றால் நிலைமை வேறு. ஜாமுலஸ், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஜாக்டிரிப் போன்ற மென்பொருள்கள் சேர்ந்து வாசிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. 25 மில்லிவிநாடித் தாமதம் என்பது ஏறக்குறைய எட்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பாடுவதற்குச் சமம். மேடையில் சமாளிக்கக்கூடிய தூரம்தான். மல்லேஸ்வரத்துப் பாட்டும் ஜெயநகர் மிருதங்கமும் இரு பக்கமும் லேன் கேபிளோடு இதில் கூடலாம். ஆனால் நிறுவுவது எளிதில்லை. தனி ஒலிக் கருவி வேண்டும், வைஃபை ஒத்துவராது. அறுபது வயது ஆசிரியை தனியாக இதைச் செய்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. கச்சேரி நடத்தும் சபாக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்களை உட்காரவைத்து இந்த அமைப்புகளைத் திறந்து காட்டினால் அதுவும் சங்கீத சேவைதான். மென்பொருள் நிறுவனங்களோ, அழைப்பு தொடங்கும்போதே 'பேச்சா, பாட்டா' என்று கேட்டுவிடலாம். அது ஒரு பொத்தானுக்கான வேலை.

கடல் தாண்டிய கிளாஸில் இன்று நடப்பது ஒருவர் பாட மற்றவர் கேட்பது. மாணவி தாளம் போட்டுப் பாட, ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார், தான் தாளம் போட்டால் குழப்பமாகும் என்பதால். திருத்த இது போதும். ஆனால் காலப்பிரமாணம் குருவின் குரலோடு ஒட்டிப் பாடிப் பாடி உடம்பில் ஏறுவது. அதற்கு எந்த அமைப்புப் பக்கத்திலும் விசை இல்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளுக்குப் புதுக் கீர்த்தனை சொல்லித்தருவதில் அந்த நாட்களைச் செலவழிக்க வேண்டியதில்லை. புதுப் பாடத்தைத் திரையில் சொல்லித்தரலாம். நேரில் கிடைக்கும் வாரங்களில் தெரிந்த வர்ணத்தையே எதிரே உட்காரவைத்து, இரண்டு காலத்திலும் கூடவே பாடவேண்டும்.