தேய்க்கும் மருந்தைக் குடிக்கலாமா?

சீனத் தற்காப்புக் கலைப் படங்களில் இப்படியொரு காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். மணல் மூட்டையைக் குத்திக் குத்தி மாணவனின் கை வீங்கியிருக்கும். குரு ஒரு சாடியைத் திறந்து, கரிய திரவத்தை உள்ளங்கையில் ஊற்றி, அவன் கையில் சூடு பறக்கத் தேய்த்துவிடுவார்.

அந்தத் திரவத்தின் பெயர் 'தித் தா ஜௌ'. தென்சீனாவின் கான்டனீய மொழியில், விழுந்ததற்கும் அடிபட்டதற்குமான மது என்று பொருள். வேர்களையும் பட்டைகளையும் பிசின்களையும் அரிசி மதுவில் பல வாரங்கள், சில வேளை பல ஆண்டுகள், ஊறவைத்து இதைத் தயாரிப்பர். அங்கே தற்காப்புக் கலை ஆசான்கள் பலர் எலும்பு முறிவு வைத்தியர்களாகவும் இருந்தனர். 1847-இல் பிறந்த வோங் ஃபெய்-ஹுங் அத்தகையவர். 1949 முதல் அவரைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துள்ளன.

இதைத் தேய்ப்பதோடு நில்லாமல் குடிக்கவும் செய்யலாம் என்று எண்ணுவோர் இக்கலை பயில்வோரிடையே உண்டு. அவர்கள் கூறும் காரணங்கள் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். அதுதான் ஆபத்து. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

பெயரில் மது இருக்கிறதே!

இது முதல் வாதம். ஆனால் இங்கே மது என்பது கரைப்பான் மட்டுமே. நீரில் எளிதில் கரையாத பல தாவரப் பொருள்கள் சாராயத்தில் கரையும். ஆய்வுக்கூடத்தில் நாம் சாராயத்தைப் பயன்படுத்துவதும் இதற்காகவே. சீன மருத்துவத்தில் குடிப்பதற்கான மருந்து மதுக்கள் தனியே உண்டு; தேய்ப்பதற்கானவை வேறு. இவ்விரண்டையும் பிரித்து வைத்தவர்கள் அந்த மரபின் வைத்தியர்களே. மேலும், இன்று தாமே தயாரித்துக்கொள்வோர் சிலர் அரிசி மதுவுக்குப் பதிலாக, தோலைத் துடைக்க விற்கப்படும் சாராய வகைகளை ஊற்றுகிறார்கள். மருந்துச் சரக்கு எதுவும் சேராவிட்டாலும் அதைக் குடிப்பது தீங்குதான்.

வெளியே நல்லது, உள்ளே இன்னும் நல்லதாமே?

தோலின் மேற்புறத்தில் இறந்த செல்களாலான ஓர் அடுக்கு இருக்கிறது. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் அது நல்ல மதில். தடவிய பொருளில் மிகச் சிறு பகுதியே, அதுவும் மெதுவாகவே, அதைக் கடந்து செல்லும்.

குடலின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. பொருள்களை உள்ளே ஏற்றுக்கொள்வதே அதன் வேலை. மடிப்புகளையும் நுண்விரல்களையும் விரித்துக் கணக்கிட்டால் அதன் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர். முழு உடலின் தோலோ சுமார் 2 சதுர மீட்டர்தான். ஆக, தேய்க்கும்போது துளித்துளியாக நுழைவது, குடிக்கும்போது வெள்ளமாக நுழைகிறது. மருந்து ஒன்றே, பாதை வேறு. பாதை மாறினால் அளவும் மாறிவிடுகிறது.

சாராயம் நஞ்சை முறித்துவிடாதா?

இதுவே எல்லாவற்றிலும் கொடிய தவறு. இம்மருந்துகள் பலவற்றில் சேரும் ஒரு சரக்கு, சீனர்கள் 'சுவான்வூ', 'சாவ்வூ' என்று அழைக்கும் கிழங்குகள். நம் சித்த மருத்துவர்கள் அறிந்த நாபிக் கிழங்கின் இனத்தைச் சேர்ந்தவை இவை. இவற்றிலுள்ள நஞ்சு அகோனிட்டைன். வளர்ந்த ஒருவரைக் கொல்ல ஏறத்தாழ 2 மில்லிகிராம் போதும். ஓர் அரிசியின் எடையில் இது பத்தில் ஒரு பங்கு!

நரம்பிலும் இதயத் தசையிலும் சோடியம் அயனிகள் நுழைவதற்கான வாயில்கள் உள்ளன. அவை நொடியில் திறந்து நொடியில் மூடிக்கொள்ள வேண்டும். அகோனிட்டைன் அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. முதலில் நாக்கும் உதடும் மரத்துச் சுரீரென்று உறுத்தும். பிறகு வாந்தியும் தளர்ச்சியும் வரும். இரத்த அழுத்தம் விழும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. 'மருந்து வேலை செய்கிறது' என்று குடித்தவர் மகிழும் அந்த மரமரப்பே நஞ்சின் முதல் அறிகுறி.

அப்படியானால் சீன வைத்தியர்கள் இக்கிழங்கை உள்ளுக்குக் கொடுப்பதே இல்லையா? கொடுக்கிறார்கள், ஆனால் முதலில் பக்குவப்படுத்தி, நீரில் நெடுநேரம் கொதிக்க வைத்த பிறகே. கொதிக்கும் நீர் அகோனிட்டைன் மூலக்கூறை உடைக்கிறது. உடைந்த பொருளின் நச்சுத்தன்மை, மூலப்பொருளுக்கு இருந்ததில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் மருத்துவத்தில் 'சுத்தி' என்று சொல்லப்படும் முறைகளின் நோக்கமும் நஞ்சைக் குறைப்பதே. அப்படிக் காய்ச்சியும், பக்குவமோ அளவோ தவறியபோது ஹாங்காங்கில் பலர் நஞ்சேறி மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள்.

தேய்க்கும் மருந்திலோ பச்சைக் கிழங்கு சாராயத்தில் ஊறுகிறது. நஞ்சை உடைக்கும் கொதிநீர் இல்லை. அதை உறிஞ்சி எடுக்கும் கரைப்பான் மட்டும் இருக்கிறது. சாராயம் கிருமியைக் கொல்லும், நஞ்சைக் கரைக்கும். இந்த இரண்டு செயல்களையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த வாதமே பிறக்கிறது. எனவே சாடி பழையதாக ஆக அது பாதுகாப்பானதாகிவிடும் என்று நம்ப முடியாது.

கிழங்கோடு எட்டிக் கொட்டையும் இம்மருந்துகளில் சேர்வதுண்டு. கசப்புக்கு உவமையாக நாம் சொல்லும் அதே எட்டிதான். அதிலுள்ள ஸ்ட்ரிக்னின் தசைகளை இழுத்துக்கொள்ளச் செய்து, மூச்சை நிறுத்தக் கூடியது. ஹாங்காங் 1999-இல் இயற்றிய சீன மருத்துவச் சட்டம் கடுமையான நச்சுச் சரக்குகள் என்று 31 பொருள்களைப் பட்டியலிட்டது. அந்தக் கிழங்குகளும் எட்டிக் கொட்டையும் பச்சை வடிவில் அப்பட்டியலில் உள்ளன.

என் குரு குடித்தாரே!

குடித்திருக்கலாம். அவர் சாடியில் அந்தக் கிழங்கு இல்லாதிருந்திருக்கலாம்; அல்லது இருந்தும் நஞ்சு குறைவாக இருந்திருக்கலாம். கிழங்கின் வகை, ஊறிய காலம், எடுத்த அளவு ஆகியவற்றைப் பொறுத்து நஞ்சு மாறும். ஒருவர் பிழைத்ததைக் கொண்டு விதி வகுக்க முடியாது. இறந்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை.

கடையில் வாங்கும் புதிய தைலங்களில் இந்தக் கிழங்கு இல்லையே என்று சிலர் கேட்கலாம். அவற்றுள் பலவற்றில் மெதில் சாலிசிலேட் உள்ளது. நீர்க்காத அந்த எண்ணெயில் ஒரு தேக்கரண்டி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்கும் மேல் விழுங்குவதற்குச் சமம். ஒரு குழந்தையின் உயிர் போக அது போதும்.

நாம் அறிய வேண்டியது

மரபைக் குறை கூறுவது என் நோக்கமன்று. காய்ச்சிக் குடிப்பது எது, ஊறவைத்துத் தேய்ப்பது எது என்று பிரித்துச் சொன்னது அந்த மரபுதான். அதன் சாடியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் எச்சரிக்கையைக் கீழே போட்டவர்களைத்தான் குறை கூறுகிறேன். 'மூலிகைதானே' என்ற சொல் ஒரு பொருளின் பிறப்பைச் சொல்லும்; அதன் அளவையோ பாதையையோ சொல்லாது.

ஆகவே தேய்க்கும் மருந்தைத் தேய்க்க மட்டும் பயன்படுத்துங்கள். தோல் கிழிந்த இடத்தில் அதுவும் வேண்டாம், அங்கே மதில் உடைந்திருக்கிறது. புட்டியில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் மரமரப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புட்டியில் இருப்பது என்ன என்பதே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.