விசில் பந்துக்கா, ஆளுக்கா?

கூடைப்பந்தில் ஒரு வீரருக்குப் பலமா அடிபட்டா நடுவர் என்ன செய்யணும்? "உடனே விசில் அடிக்கணும், இதுல என்ன கேள்வி?" என்றுதான் தோன்றும். ஆனால் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்புத்தகத்தில் ஐந்தாவது விதி அப்படிச் சொல்லவில்லை.

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு அடிபட்டால், பந்து வைத்திருக்கும் அணி கூடைக்கு எறியும் வரை, அல்லது பந்தை இழக்கும் வரை, அல்லது தானாகவே ஆடாமல் நிற்கும் வரை நடுவர் விசில் அடிக்கக் கூடாது. இதுதான் பொது விதி. அதற்கு அப்புறம் ஒரு வரி வருகிறது: அடிபட்டவரைப் பாதுகாக்கத் தேவை என்றால் உடனே நிறுத்தலாம். கவனியுங்கள், "நிறுத்தலாம்", "நிறுத்த வேண்டும்" இல்லை. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், டிஃபால்ட்டைத் தப்பா வெச்சிருக்காங்க.

கால்பந்து விதிகளிலும் இதே விஷயத்துக்கு ஐந்தாம் விதிதான். லேசான அடி என்றால் பந்து வெளியே போகும் வரை ஆட்டம் தொடரலாம். பலத்த அடி என்றால் நடுவர் நிறுத்துகிறார். அங்கே முதல் கேள்வி அடி எவ்வளவு என்பது. கூடைப்பந்தில் முதல் கேள்வி பந்து யாரிடம் என்பது.

ஃபிபா விதிக்குள்ளேயே ஒரு முரணும் இருக்கு. உடனடிச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் நினைத்தால், நடுவரின் அனுமதி இல்லாமலே களத்துக்குள் வரலாம். நல்லது. ஆனால் விசில் அடிக்காத வரை, 28க்கு 15 மீட்டர் களத்தில் மற்ற ஒன்பது பேரும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அதற்கு நடுவே மருத்துவர் எங்கே உட்கார்ந்து காலைப் பார்ப்பது?

ஃபவுல் நடந்திருந்தால் விசில் எப்படியும் வந்துவிடும். சிக்கல் யாரும் மோதாமல் வரும் காயத்தில். 2019 என்பிஏ இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் கெவின் டுராண்டுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது இப்படித்தான். ஃபவுல் இல்லாத இடத்தில் நடுவர் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விசில் வந்த பிறகும் விதி பந்தை விடுவதில்லை. அதே தொடரின் ஆறாவது ஆட்டத்தில் க்ளே தாம்சன் ஃபவுலுக்கு ஆளாகி விழுந்தார். ஃப்ரீ த்ரோவை அவரே எறியாவிட்டால் அந்த ஆட்டத்தில் மறுபடி இறங்க முடியாது என்பது என்பிஏ விதி. உள்ளே போய்க்கொண்டிருந்தவர் திரும்பி வந்து இரண்டையும் போட்டார். முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. கைதட்டினோம், சரி. ஆனால் அவரைத் திரும்பி நடக்க வைத்தது அந்த விதியும்தான்.

"உடனே நிறுத்தினா நடிப்பாங்களே, எதிரணியோட ஃபாஸ்ட் பிரேக் போயிடுமே" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் சுமார் 15 விநாடிக்குள் ஆட முடியாதவர், அல்லது சிகிச்சை பெற்றவர், மாற்று வீரருக்கு இடம் விட வேண்டும் என்று ஃபிபாவே சொல்கிறது. நடிப்புக்கு ஏற்கெனவே விலை உண்டு. நிறுத்திய பின் பந்தும் அதை வைத்திருந்த அணிக்கே போகும்.

"நடுவர் என்ன டாக்டரா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை, அதனால்தான் அவரிடம் நோயறிதலைக் கேட்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் மூன்று அடையாளம் போதும்: தலையில் அடிபட்டு எழாமல் கிடப்பது, கையோ காலோ இயல்புக்கு மாறாகத் திரும்பியிருப்பது, விழுந்தவர் மற்றவர்கள் ஓடிவரும் வழியில் கிடப்பது. இதில் ஒன்று இருந்தாலும் விசில் கட்டாயம். மற்றதுக்கெல்லாம் பழைய விதியே இருக்கட்டும்.

தேவையில்லாமல் நிறுத்தினால் போவது அதிகபட்சம் இரண்டு மூன்று புள்ளி. நிறுத்தத் தவறினால் போவது ஒருத்தரோட காலாக இருக்கலாம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரு "லாம்" தாங்காது. அந்த இடத்தில் "வேண்டும்" என்று எழுதுங்கள்.