கலை அரசியை யார் மறுபடி எடுப்பது?

பழைய விஞ்ஞானப் படங்களை மறுபடி எடுப்பது அவசியமா என்று கேட்டால், ரீகல் டாக்கீஸில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்த நம் மதுரை நண்பர்களிடமிருந்து வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: அவசியமில்லை, அது கற்பனை வற்றியவர்களின் வியாபாரம். சினிமாக்காரர்களிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: அவசியம், பழைய படங்களின் தந்திரக் காட்சிகளைப் பார்த்து இன்று ஜனங்கள் சிரிக்கிறார்கள், இன்றைய கம்ப்யூட்டர் வசதியோடு எடுத்தால் பிரமாதமாக வரும். இவை எதிரெதிரான பதில்கள் போலத் தோன்றினாலும் ஒரே பார்வையிலிருந்து பிறந்தவை என்றே எனக்குப் படுகிறது. விஞ்ஞானப் படம் என்றால் அதன் யந்திரங்கள், பறக்கும் தட்டுகள், பொம்மைகள் என்பதுதான் இரண்டு தரப்பின் எண்ணமும். ஒரு தரப்புக்கு அவற்றைப் புதுப்பிக்க வேண்டும். மற்றதற்கு அவற்றைத் தூசி படாமல் காப்பாற்ற வேண்டும். அந்தப் படங்களுக்குள் இருந்த பயத்தைப் பற்றி இரண்டு தரப்புக்கும் அக்கறை இல்லை.

மறுபடி செய்வதே கீழான காரியம் என்ற எண்ணம் நம்முடையதல்ல. மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழாவுக்குத் திருவிழா வள்ளி திருமணம் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-ல். நூறு வருஷங்களுக்கும் மேலாயிற்று. வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து சேரும் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் ஒத்திகை கூட இல்லாமல் மேடையேறுகிறார்கள். கீழே உட்கார்ந்திருப்பவனுக்குக் கதை முழுக்கத் தெரியும். வள்ளியை முருகன் கட்டிக்கொள்வானா மாட்டானா என்று அறிவதற்காக அவன் விடியவிடியக் கண்விழிக்கவில்லை. இன்றைக்கு வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் ஒருவரை ஒருவர் எப்படி மடக்கப்போகிறார்கள் என்பதுதான் அவனுக்கு விஷயம். வால்மீகியிடமிருந்த கதையைக் கம்பன் மறுபடி செய்ததற்காகவும் யாரும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் சினிமா நாடகமல்ல. விடிந்தால் நாடகம் கலைந்துவிடும். மறுபடி போட்டால்தான் உண்டு. சினிமாவோ பெட்டிக்குள் இருக்கிறது. பிரதி அழியாதவரை, வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே அதை மறுபடி எடுப்பவன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன். தந்திரக் காட்சி பழசாகிவிட்டது என்பது காரணமாகாது. எல்லாத் தந்திரமும் பழசாகும். 1963-ன் தட்டைப் பார்த்துச் சிரிப்பவனின் பேரன் 2018-ன் ரோபோவைப் பார்த்துச் சிரிப்பான். நான் ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம் ஒன்றுதான். பழைய படம் எழுப்பிய கேள்வி வேறு உருவில் திரும்பி வந்திருக்க வேண்டும். அது தன்னைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்று புதிதாக எடுப்பவன் உணர்ந்திருக்க வேண்டும்.

இதற்கு உதாரணம் உண்டு. 1956-ல் டான் சீகல் எடுத்த 'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாச்சர்ஸ்' ஒரு சிற்றூரில் நடக்கிறது. வேற்றுலகிலிருந்து வந்த விதைக் காய்களிலிருந்து ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நகல் விளைகிறது. அவன் தூங்கும்போது நகல் அவன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முகம் அதே, குரல் அதே, ஞாபகம் அதே. உணர்ச்சி மட்டும் இல்லை. சிற்றூர் என்பதால் ஒரு பெண் சட்டென்று கண்டுகொள்கிறாள்: என் மாமா என் மாமாவாக இல்லை. கம்யூனிஸத்தின் மேலுள்ள பயம் என்றும், கம்யூனிஸ்டுகளை வேட்டையாடியவர்கள் மேலுள்ள பயம் என்றும் இரண்டு விதமாகவும் இதற்கு அர்த்தம் சொன்னார்கள். 1978-ல் பிலிப் காஃப்மன் இதையே ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நகரத்துக்குக் கொண்டுபோனார். இடம் மாறியதும் பயமும் மாறிவிட்டது. தன்னோடு வாழ்பவன் அவனாக இல்லை என்று ஒரு பெண் சொன்னால், பிரபல மனோதத்துவ டாக்டர், இந்தக் காலத்து உறவுகளே அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிவிடுகிறார். நகரத்தில் நகலுக்கும் அசலுக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

காளவாசலில் இருந்துகொண்டு இதை எழுதும் எனக்கு அந்த இடமாற்றத்தின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. காளவாசல் என்றால் சூளை. சூளை போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. இப்போது அது பைபாஸ் ரோட்டின் நாற்சந்தி, தலைக்கு மேல் பாலம். பக்கத்து மாடியில் இருப்பவர் நேற்றைய மனிதர்தானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நேற்றும் எனக்கு அவரைத் தெரியாது. சீகல் படத்தின் முதலிலும் முடிவிலும் ஸ்டூடியோவின் நிர்ப்பந்தத்தால் நம்பிக்கை தரும் காட்சிகள் ஒட்டப்பட்டிருந்தன. காஃப்மன் படத்தில் அந்த ஆறுதலும் இல்லை. கடைசியில் கதாநாயகனே நகலாகி விரலை நீட்டி அலறுகிறான். இந்தப் படம் வந்ததால் சீகல் படம் சிறுத்துப்போகவில்லை. அதன் கேள்வி 22 வருஷங்களில் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பது தெரிந்தது.

ஜான் கார்பென்டர் 1982-ல் எடுத்த 'த திங்'கும் இந்த வகை. 1951 படத்தில் மனிதர்கள் ஒன்றுசேர்ந்து வெளியிலிருந்து வந்ததை அழிக்கிறார்கள். கார்பென்டர் படத்தில் வந்தது யார் உருவத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்றுசேர்வதே அங்கே சாத்தியமில்லை. எஞ்சிய இருவர் பனியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சந்தேகித்துக்கொண்டிருப்பதோடு படம் முடிகிறது. நட்பான வேற்றுலக ஜீவியைக் காட்டிய 'ஈ.டி.' வெளிவந்து இரண்டு வாரம் கழித்து இது வந்தது. விமர்சகர்கள் தூக்கியெறிந்தார்கள். இன்று மதிக்கிறார்கள்.

கேள்வியைப் புரிந்துகொண்ட மாதிரி காட்டிக்கொள்ளும் படங்களும் உண்டு. 1951-ல் ராபர்ட் வைஸ் எடுத்த 'த டே த எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் வேற்றுலகத் தூதன் மனிதர்களுக்குத் தயவு தாட்சண்யமில்லாமல் எச்சரிக்கை விட்டுவிட்டுப் போகிறான். முடிவெடுக்கும் பாரம் நம் தலையில் விழுகிறது. 2008-ல் அதை மறுபடி எடுத்தவர்கள் அணுகுண்டு இருந்த இடத்தில் பூமியின் சீரழிவை வைத்தார்கள். நியாயமான மாற்றம்தான். ஆனால் ஒரு தாயும் பிள்ளையும் கல்லறையில் அழுவதைப் பார்த்துத் தூதன் மனம் இளகிவிடுகிறான். இரண்டு சொட்டுக் கண்ணீருக்கு உலகத்தை மன்னித்துவிடலாம் என்றால் கேள்வி எதற்கு? இந்தச் சமாசாரம் தமிழ் சினிமா பார்க்கிறவனுக்கு நன்றாகப் பழகியது.

நம் கதைக்கு வருகிறேன். ஹெச். ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய மறைந்த மனிதன், யார் கண்ணிலும் படாதபோது மனிதன் எவ்வளவு கீழே இறங்குவான் என்பதற்குச் சாட்சி. ஜேம்ஸ் வேல் 1933-ல் அவனைப் படமாக்கினார். ஷேகர் கபூரின் 'மிஸ்டர் இந்தியா'வில், 1987-ல், இது தலைகீழாகிறது. அநாதைக் குழந்தைகளை வளர்க்கக் காசில்லாமல் திண்டாடும், ஏற்கனவே யார் கண்ணிலும் படாத ஒரு சாமானியனுக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போவது பலமாகிறது. கேளிக்கைப் படம்தான், ஆனாலும் நம் மண்ணில் கேள்வி எப்படித் திரும்பும் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது. இரண்டே வருஷத்தில் கே. விஜயன் இயக்கத்தில், பாக்யராஜ் நடித்து, அது தமிழில் வந்தது. தலைப்பு, 'என் ரத்தத்தின் ரத்தமே'. 1987 டிசம்பரில் மறைந்த எம்.ஜி.ஆர். தன் தொண்டர்களை விளித்த சொல் அது. பெயரற்ற ஒருவனுக்கு இந்திக்காரர்கள் தேசத்தின் பெயரைக் கொடுத்தார்கள். நாம் அந்த இடத்தில் மறைந்த தலைவரின் குரலைக் கொண்டுவந்து வைத்தோம். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நம்மை எப்படி ஆள்கிறார் என்று கேட்க அந்தத் தலைப்பு ஒன்றே போதும். அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே படம் காட்டிக்கொள்ளவில்லை. போஸ்டர் ஒட்டியதோடு தலைப்பின் வேலை முடிந்துவிட்டது.

சரி, தமிழில் மறுபடி எடுக்கத் தகுதியுள்ள விஞ்ஞானப் படம் எது என்று கேட்பவர்களுக்கு என் பதில், 1963-ல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேஷம், பானுமதிக்கும் இரட்டை வேஷம், தட்டில் வந்து இறங்கும் நம்பியார், இடையிடையே வழக்கமான காதலும் சண்டையும். இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கருவை மட்டும் பாருங்கள். விஞ்ஞானத்தில் நம்மைவிட எவ்வளவோ முன்னேறிய ஒரு கிரகம். அங்கே கலை இல்லை. சங்கீதத்தைக் கற்றுக்கொள்ள, பூமியில் சிறந்த பாடகியைத் தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தண்ணீருக்காகவோ நிலத்துக்காகவோ வந்தவர்கள் அல்ல. எல்லாம் இருந்தும் பாட்டு இல்லை என்று தெரிந்துகொண்டு வந்தவர்கள்.

அவர்கள் தூக்கிப்போன பாடகி பானுமதி என்பதும் சாதாரண விஷயமல்ல. வாயசைக்க ஒருத்தியும் பாட ஒருத்தியும் என்று தமிழ் சினிமா உடம்பையும் குரலையும் பிரித்துவிட்ட பிறகும், தன் பாட்டைத் தானே பாடிய நடிகை அவர். அந்தக் குரல் வேண்டுமென்றால் ஆளையே கொண்டுபோனால்தான் உண்டு. இதையெல்லாம் யோசித்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமல் செய்ததிலும் உண்மை வந்து உட்காரலாம்.

இன்று அந்தக் கிரகத்துக்குத் தட்டு தேவையில்லை. 2024-ல் வெளியான 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் யந்திரத்தைக் கொண்டு பாடவைத்தார் ஏ. ஆர். ரஹ்மான்; குடும்பத்தாரின் சம்மதம் பெற்று, சன்மானமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே வருஷம் ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரலை, சில மாதங்களுக்குள், அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜா தன் இசையில் 'த கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்' படப் பாட்டொன்றில் இப்படியே கேட்கவைத்தார். ஒரு தம்பியின் துக்கத்தை நான் விமர்சிக்கப்போவதில்லை. சம்மதம் வாங்கியதும் நேர்மைதான். ஆனால் சம்மதம் தந்தவர்கள் குடும்பத்தார். பாடியவர் என்று நாம் கேட்பது வேறொருவரை. கடத்திப்போன பாடகிக்கு ஒரு உரிமை மிச்சமிருக்கிறது. அவள் வாயை மூடிக்கொள்ளலாம். இந்த மெட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். குரலின் நகலால் அது முடியாது. பாட மறுக்க முடியாத ஒன்று பாடுவதைப் பாட்டு என்று சொல்லலாமா?

இந்தக் கேள்வியை 'கலை அரசி' அறுபது வருஷங்களுக்கு முன்பே தொட்டுவிட்டது, அரைகுறையாக, தட்டுக்கும் சண்டைக்கும் நடுவில். அப்போது அந்தக் கிரகம் வேறெங்கோ இருந்தது. இப்போது கலையில்லாத விஞ்ஞானக் கிரகம் எது, கொள்ளை போகிற பூமி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்படியானால் புதிதாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமே, பழையதை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். புதிய படம் இன்றைய நிலைமையை மட்டுமே சொல்லும். நாம் ஒருகாலத்தில் அதைப் பார்த்துப் பயந்தவர்கள், பாடகியை மீட்டுக்கொண்டுவரக் கிளம்பியவர்கள் என்பதைச் சொல்லப் பழைய படம் பக்கத்தில் இருந்தாக வேண்டும். சீகல் பக்கத்தில் காஃப்மன் இருப்பதைப் போல.

ஆனால் நம் தயாரிப்பாளர்கள் இதைக் கையிலெடுத்தால் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கஷ்டமல்ல. தட்டுக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். எம்.ஜி.ஆரின் முகத்தை யந்திரம் வரைந்து தரும். பானுமதியின் குரலையே நகலெடுத்துப் போட்டுவிடலாமே என்றும் யாராவது யோசனை சொல்வார். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் 'கலை அரசி' அந்தக் கிரகவாசிகள் எடுத்த படமாக இருக்கும்.